எங்க விட்டாலும் அங்க நிக்கும்

அசையாம பிடி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அசையாமல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நாடாதான் நடுங்குகிறது, அதுவும் கதவு இழுப்பதால். வேனின் பின்கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, இடது கையை மூலைவரை நீட்டி, உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிய வெள்ளை நாடாவின் ஒரு முனையில் நான் இருக்கிறேன். மறுமுனை பக்கவாட்டு ஸ்லைடிங் கதவின் பின்விளிம்பில், அவர் போட்ட முடிச்சில் இருக்கிறது. என் இரண்டு பாவாடைகளிலிருந்து உருவி ஒன்றாக முடிந்த நாடா. நைலான் கயிறு இருந்தது, பச்சை நிறம், கைபேசி லைவில் தெரிந்துவிடும் என்றார். வெள்ளை வேனில் வெள்ளை நாடா தெரியாதாம். பாவாடையை ஊக்கு குத்தி நிறுத்தியிருக்கிறேன், அந்த ஊக்கு இடுப்பில் உறுத்துகிறது, அதற்குக் கீழே அடிவயிறு முட்டுகிறது, கோத்தகிரியில் டீ குடித்தது பதினொன்றரைக்கு, இப்போது மணி மூன்றாவது இருக்கும். வண்டி பள்ளத்தைப் பார்த்து மூக்கை வைத்து நிற்கிறது. மூக்கு கீழே இருந்தால் திறந்த கதவு தானாக முன்னால் ஓடி மூடிக்கொள்ளும், அது தெரிந்துதான் இந்தச் சரிவைத் தேடிப் பிடித்து, சிக்னல் நான்கு புள்ளி காட்டுகிற இடமாகவும் பார்த்து நிறுத்தினார், ஏனென்றால் சரிவில் கதவை நகராமல் நிறுத்துவது எப்படி என்பதுதான் இன்றைக்கு லைவ். கதவை நிறுத்துவது அவர் செய்த கருவி. அந்தக் கருவியின் மானத்தை நிறுத்துவது நான். நாடாவைப் பின்கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். ஒரு முழம் குறையுது, அதோட கட்டிட்டா ஒரே இடத்துலதான் நிக்கும், பாதி திறந்தும் காட்டணும், முக்கால் திறந்தும் காட்டணும், நீ விட்டு விட்டு இழுத்தாத்தான் சரியா வரும் என்றார். குறைகிற ஒரு முழத்துக்கு என் கை. இன்றைக்கு அந்தக் கையை எடுத்துவிடப் போகிறேன். காலையில் பாவாடையிலிருந்து நாடாவை உருவும்போதே முடிவு செய்துவிட்டேன், அவர் லைவ் பார்க்கிற நானூறு பேர் முன்னால் வாய் நிறையப் பேசிக்கொண்டிருக்கும்போது விட்டுவிடுவேன், கதவு அவர் மூக்குக்கு முன்னால் ஓடிப்போய்ச் சாத்திக்கொள்ளட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

"வணக்கம் நண்பர்களே, சிகாமணியின் சக்கர வீட்டுல இருந்து உங்க சிகாமணி பேசறேன்." தெய்வசிகாமணி என்ற முழுப் பெயர் லைவுக்கு நீளமாம். முப்பத்திரண்டு வருஷம் ஐடிஐயில் ஃபிட்டர் வாத்தியாராக இருந்த குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும், மலைக்கும் கேட்கிறது. ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் இந்த வண்டியை ஏலத்தில் எடுத்து வந்தார். பழைய ஆம்புலன்ஸ். கரூரில் எங்கள் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டு கோட்டு வெள்ளை அடித்தும் பக்கத்தில் சிவப்புச் சிலுவை மங்கலாகத் தெரியும், உள்ளே எத்தனை தடவை கழுவினாலும் வெயில் ஏறினால் டெட்டால் வாசம் வரும். படுக்கை போட்டார், அடுப்பு வைத்தார், அலமாரி அடித்தார். அலமாரிக்கு நான்கு அங்குலம் இடம் போதவில்லை. கதவு முழுக்கத் திறந்ததும் அதைக் கவ்விப் பிடித்து நிறுத்த ரெயிலின் கோடியில் ஒரு கொக்கி இருந்தது, செய்தவன் வைத்த கொக்கி, அதன் பெட்டி உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. இது எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு என்று அறுத்து எடுத்துவிட்டார். நான் கேட்டேன், எதுக்கோதான வெச்சிருப்பாங்க என்று. கதவு எங்க புள்ள போகப்போகுது என்றார். எங்கள் வாசலில் போகவில்லைதான். கரூரில் எங்கள் தெருவில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அதுகூட உருளாது. பிறகு மலைக்கு வந்து கதவு ஓட ஆரம்பித்ததும், எடுத்த கொக்கியை மறுபடி வைக்காமல், வைத்தால் அலமாரியை இடிக்க வேண்டும், தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும், சைக்கிள் பிரேக் கட்டை ஒன்றை ரெயிலில் உரசுகிற மாதிரி மாட்டி, அதற்கு ஒரு பட்டாம்பூச்சித் திருகு வைத்து, கருவி என்று பெயர் சூட்டி, அதையும் எங்கள் வாசலிலேயே சோதித்துப் பார்த்தார். நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? நேற்று இங்கே மாட்டிப் பார்த்தால் ஒரு தடவை நிற்கிறது, மூன்று தடவை ஓடுகிறது. அப்போதுதான் என் முகத்தைப் பார்க்காமல், உன் பாவாடை நாடா எப்படி, கெட்டியா இருக்குமா என்று கேட்டார்.

இருக்கும். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்திருக்கிறது. இதக் கொஞ்சம் பிடி. அவர் என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். ஏணியைப் பிடி, டேப்பின் முனையைப் பிடி, டார்ச்சைப் பிடி, ஆட்டாதே, எங்க பாக்கற, நான் பாக்கற எடத்துல அடி. அலமாரி யார் செய்தது என்று கேட்டால் சிகாமணி செய்தது. மறுமுனையில் நின்றவள் எந்த அலமாரியிலும் இல்லை. விரல் வலிக்கிறது. குளிருக்கு முதலில் வலிப்பது அந்த விரல்தான், இடது மோதிர விரல், நகம் இன்னும் கறுப்பாகவே முளைக்கிறது, நுனி கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு மாதம் முன்பு ஏற்காட்டில். வலது கையில் இரண்டு டம்ளர் டீ, இடது கையால் கதவுக்கு முன்னாலிருக்கும் தூணைப் பிடித்து இறங்குகிறேன், உர்ரென்று ஒரு சத்தம், அதைச் சத்தம் என்று நினைப்பதற்குள் வந்துவிட்டது. முதலில் வலி இல்லை. கை ஏன் என்னோடு வரவில்லை என்றுதான் தோன்றியது. பிறகுதான் கத்தினேன். அவர் உள்ளேயிருந்து கேட்டார், "மெத்தையில கொட்டிருச்சா?" டீயைக் கேட்டார். இரண்டு மாதமாக இதை நினைக்காமல் இருக்க முயற்சி செய்கிறேன், பாத்திரம் கழுவும்போது வருகிறது, தலை வாரும்போது வருகிறது, மெத்தையில கொட்டிருச்சா, அவர் கெட்டவர் இல்லை, பதற்றத்தில் வாயில் வந்ததுதான், அப்படித்தான் சிந்துஜாவும் சொன்னாள், அப்பா டென்ஷன்ல சொல்லியிருப்பாரும்மா என்று பெங்களூரிலிருந்து. ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னது பதற்றத்தில் இல்லை. அவசரப்பட்டுட்டாங்க சார் என்றார். வெளியே வந்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, "நல்லவேளை, இடது கை. சமைக்க ஒண்ணும் தொந்தரவில்ல" என்றார். அதையும் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது இந்த நாடாவைச் சுற்றியிருப்பதும் அதே கை. மூலைக்குப் பக்கமாக இருப்பது இதுதான், வேறு கையை நீட்ட வழியில்லை.

பின்கண்ணாடிக்கு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது, ஆம்புலன்ஸ் காலத்தது, அதில் ஒரு ரூபாய் அளவுக்கு உரிந்த இடம் இருக்கிறது. ஒரு கண்ணை அங்கே வைத்தால் வண்டியின் உள்ளே மெத்தை, அடுப்பு, அந்தப் பக்கம் வெளிச்சத்தில் திறந்த வாசல், வாசலில் அவர் நீலச் சட்டை. பேசும்போது இடது கை முன்தூணின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏற்காட்டில் நான் பிடித்த அதே இடம். நான் விட்டால் கதவு அங்கேதான் போகும். அந்தக் கை அங்கே இல்லாத நேரமாகப் பார்த்து விட வேண்டும். ஏன் பார்க்க வேண்டும்? சே. அப்படியும் தோன்றுகிறது. தோன்றவில்லை என்று யாரிடம் பொய் சொல்ல, இங்கே நானும் இந்தக் கண்ணாடியும்தான் இருக்கிறோம். கேட்கலாம், நானும் ஓடிவந்து கேட்கலாம், மெத்தைக்கு ஒண்ணும் ஆகலையே என்று. சே, சே. "என்னங்கக்கா, வண்டி ஓடிருமா?" திடுக்கிட்டுத் திரும்பினேன், நாடா ஒரு விரற்கடை நழுவி மறுபடி இறுகியது. தேயிலை பறிக்கிற பெண், தலையிலிருந்து முதுகில் தொங்கும் சாக்கு, முழங்கால்வரை பிளாஸ்டிக் தாள். வாயில் விரல் வைத்து உஸ் என்றேன். அவள் நாடாவைப் பார்த்தாள், நாடா போகிற வழியைப் பார்த்தாள், எட்டி முன்பக்கம் கைபேசி முன்னால் கையை வீசிப் பேசுகிறவரைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நான் ஒரு காலை மறு காலோடு பின்னிக்கொண்டு நிற்பதையும் பார்த்திருப்பாள். கிட்டே வந்து மெல்லிய குரலில், "இந்தப் படியில இறங்குனா எங்க வீடுங்கக்கா. பக்கத்துலயே பாத்ரூம், பச்சத் தகரக் கதவு. தண்ணி புடிச்சு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். யாரென்றே தெரியாதவள். இங்கே வந்து நின்றதிலிருந்து என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அவளுடையதுதான், மற்றதெல்லாம் கதவைப் பார்த்துச் சொன்னது.

"பாதி திறந்திருக்கேன், நிக்குதா? நிக்குது." இழுத்தேன். "முக்கால். நிக்குதா?" விட்டு இழுத்தேன். "எங்க விட்டாலும் அங்க நிக்கும் நண்பர்களே. சில பேரு நெனைப்பீங்க, இந்தச் சின்ன விசயத்துக்கு ஒரு லைவான்னு. சின்ன விசயமில்ல. எனக்கே ஒருக்கா விரல் மாட்டிருச்சு." ஒரு கண்ணை மூடி மறு கண்ணை அந்த ஓட்டையில் வைத்தேன். தன் இடது கையைக் கைபேசிக்கு நேராக நீட்டிக் காட்டுகிறார். "இதா, இந்த விரல்தான். நகம் போயிருச்சு. ரெண்டு நாள் தூக்கமில்ல. அன்னைக்கு முடிவு பண்ணேன், நம்மள மாதிரி யாரும் கஷ்டப்படக் கூடாது, ஒரு கருவி செய்யணும்னு." நல்ல விரல். மோதிரத்தோடு பளபளவென்று இருக்கிற விரல். தூங்காமல் இருந்தது நான், பக்கத்தில் குறட்டை விட்டது யார்? டீயை எடுத்துக்கொள்ளட்டும், மெத்தையை எடுத்துக்கொள்ளட்டும், அலமாரியை, வண்டியை, என் இரண்டு நாடாவையும் எடுத்துக்கொள்ளட்டும், வலியையுமா? அதைக்கூட எனக்கென்று வைக்கக் கூடாதா? காது சூடாகிவிட்டது. ஒரு சுற்றைக் கழற்றினேன். இரண்டாவது சுற்றையும் கழற்றினேன். உள்ளங்கையை விரித்தேன். கதவு ஓடவில்லை. நாடா தொய்ந்து கையில் கிடந்தது, கதவு நின்றது. பிரேக் கட்டை பிடித்துக்கொண்டது போலிருக்கிறது, ஒரு தடவை நிற்கும் மூன்று தடவை ஓடும் என்றதில் அந்த ஒரு தடவை இப்போதுதானா வர வேண்டும், இந்தக் கதவுக்குக்கூட அவர் பக்கம்தானா? நின்றது. நான் பிடிக்காமலே நின்றது. அப்படியானால் இத்தனை நேரம் நான் எதைப் பிடித்திருந்தேன்? அம்மாவை இப்படி ஒரு வண்டியில்தான் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். சலைன் பாட்டிலை மாட்டுகிற கம்பி ஒடிந்திருந்தது, நான்தான் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இரண்டு மணி நேரம், கை மரத்துப்போய், மாற்றினால் சொட்டு நின்றுவிடும் என்று மாற்றாமல். சூலூர் தாண்டியதும் கூட வந்த நர்ஸ் என் முழங்கையைத் தொட்டு, "இறக்குங்கம்மா, போதும்" என்றாள். எப்போதிலிருந்து போதும் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது, அந்தக் கையை எத்தனை மைலுக்கு வீணாகத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்று.

"நம்பிக்கையில்லையா? தட்டிக் காட்டறேன் பாருங்க." வலது கையால் கதவின் விளிம்பைப் படாரென்று தட்டினார். இடது கை தூணில் இருந்தது. நான்கு விரலும் உள்பக்கம் மடங்கி, அதே இடத்தில், மோதிர விரல் மூன்றாவதாக. நாடா என் உள்ளங்கையில் மெதுவாக ஊர ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. எனக்கு நேரம் இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை, யோசிக்க நேரம் இருந்தது, அந்த ஓட்டை வழியாக நான்கு விரலையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிற அளவுக்கு இருந்தது, விடு, விடு, காலையிலிருந்து இதற்குத்தானே நின்றாய் என்று எனக்கே கேட்டது, உர்ரென்ற அந்தச் சத்தமும் கேட்டது, கை மூடிக்கொண்டது. நான் மூடச் சொல்லவில்லை. அது என்னைக் கேட்கவில்லை. நாடா உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடி, இரண்டு நாடாவையும் சேர்த்த முடிச்சு வந்து அந்த விரலிலேயே மாட்டியது, கண்ணில் பொறி பறந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன், லைவ் என்பதால் கத்தவில்லை, பாருங்கள், அப்போதும் லைவ் என்பது ஞாபகம் இருந்தது எனக்கு. நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு மறுகையையும் கொடுத்து இழுத்தேன். கதவு நின்றது. "பாத்தீங்களா? ஒரு இம்மி நகரல. இனி நீங்க தைரியமா இங்க கை வெக்கலாம் நண்பர்களே. ஒண்ணும் ஆகாது." ஒண்ணும் ஆகவில்லை. அவர் விரல் நான்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்கு அவரைவிட என் கை மேல்தான் ஆத்திரம் வந்தது, நாய் மாதிரி விசுவாசமான கை, அடி வாங்கிய இடத்துக்கே ஓடிப்போய் நிற்கிறது.

லைவை முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். பிறகு ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. கையில் கைபேசியோடு மூலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "போச்சு புள்ள. மைக்க ஆன் பண்ணவேயில்ல. நானூத்திப் பத்துப் பேரும் ஊமப்படம் பாத்திருக்கானுக. சார் சத்தம் வரல, சார் சத்தம் வரலன்னு அத்தன பேரும் போட்டிருக்கான், நான் கவனிக்கல. மறுக்கா மொதல்ல இருந்து வரணும். நீ அப்படியே பிடிச்சுட்டு நில்லு." என் கையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். உள்ளங்கையில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு, நகத்தோரம் ரத்தம். நாடாவைப் பார்த்தார், முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று. யாருமே கேட்கவில்லை, அந்த விரல் கதையை. நானூற்றிப் பத்துப் பேரும் பார்த்தது ஒரு கதவு நிற்பதை மட்டும்தான். இனி மறுபடி சொல்வார். மறுபடி நான் கேட்க வேண்டும், விரலை நீட்டுவதைப் பார்க்க வேண்டும், தட்டுவார், இழுக்க வேண்டும். "ஏனுங்க, இத ஒரு நிமிசம் பிடிங்க. ஒண்ணுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்றேன். "லைவ முடிச்சுட்டுப் போலாமல்ல?" "முடியாதுங்க." அவர் பதில் சொல்லுமுன் அவர் இடது கையைப் பிடித்து, மோதிரம் போட்ட அந்தக் கையை, உள்ளங்கையில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, "அசையாம பிடிங்க" என்று விட்டேன். கதவு இழுத்தது. தோளோடு மூலைக்குப் போய் வேனில் இடித்துக்கொண்டு நின்றார். "ஏ, என்ன இது, இந்த இழு இழுக்குது?" என்றார். நிஜமாகவே ஆச்சரியம் அவருக்கு, முகத்தில் ஒரு துளி நடிப்பில்லை, அதுதான் எனக்கு எரிந்தது. "அப்படித்தாங்க இழுக்கும்." "பிரேக் கட்ட மாட்டியுமா இப்படி இழுக்குது?" "மாட்டியுந்தாங்க." "இரு, இரு, நான் விட்டா கதவு போய்ப் படார்னு அடிச்சு பூட்டு இறுகிக்கும் புள்ள, போன தடவ மெக்கானிக் வந்து தெறக்க அரை நாள் ஆச்சல்ல, சாவியும் போனும் எல்லாம் …" போன் அவர் வலது கையில்தான் இருந்தது. "அதனாலதாங்க பிடிக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். ஈரப் படி, பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஊக்கு எப்போது வேண்டுமானாலும் அவிழும். அந்தப் பெண் வாசலில் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்காமல் தாடையால் காட்டினாள். பச்சைத் தகரக் கதவு, அதுவும் சரிவில்தான் இருந்தது, வீடே சரிவில்தான் இருந்தது. உள்ளே போய்ச் சாத்தினேன். வளைத்த ஆணி ஒன்றைக் கொக்கியாக வைத்திருந்தார்கள், சுவரில் ஒரு கம்பி வளையம். மாட்டினேன். கையை எடுத்தேன். கதவு அப்படியே இருந்தது. இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தேன், இருந்தது. உட்கார்ந்தேன், உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் தளர்ந்தது, அழுகையும் கூடவே வந்துவிட்டது, சத்தமில்லாமல்தான். எழுந்து தண்ணீர் ஊற்றிவிட்டும் கொக்கியை எடுக்கவில்லை. மேலேயிருந்து முதலில் "வசந்தீ" என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "வசந்தாமணீ" என்று முழுசாக. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது மட்டும் சொல்கிற பெயர். பிறகு, குரல் உடைந்து, "கைய அறுக்குது புள்ள, விட்டுரட்டுமா?" தகரக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து, மலைக்கே கேட்கிற மாதிரி, "விட்றாதீங்க, பூட்டு இறுகிக்கும்" என்றேன். பக்கெட்டில் இன்னும் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது. ஒரு சொம்பு மொண்டு, என் கையின் மேல் மெதுவாக ஊற்றிக்கொண்டேன்.